பிடி அவரையும் ஒரு கீற்றுப் பரங்கியும்

மார்கழி பிறந்ததும் புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களில், கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பரங்கிப் பூ தென்படத் தொடங்கும். முன்பு போல எல்லா வாசலிலும் இல்லை; ஆனாலும் இன்னும் உண்டு. அழகுக்கும் வழிபாட்டுக்கும் வைக்கும் பூ என்றுதான் அதைப் பார்க்கிறோம். கொல்லையில் கொடி வளர்க்கிறவர் கண்ணுக்கு அதில் வேறொரு கணக்கும் தெரியும். பரங்கியில் ஆண் பூ, பெண் பூ என்று இரண்டு வகை. பெண் பூவின் அடியில் பூக்கும் முன்பே கோலிக்குண்டு போலப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் நீண்ட காம்புதான். ஒரு பெண் பூ வருவதற்குள் ஆண் பூக்கள் பல வந்து போகும். மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவிட்டு மீதியைப் பறித்தால் காயில் ஒன்றும் குறையாது. காம்பு நீளமாக இருப்பதால் சாணத்தில் செருகவும் தோது. வீணாகப் போகிற பூ வாசலுக்கு வருகிறது, காயாகிற பூ கொடியிலேயே நிற்கிறது. இந்த வீட்டுக் கொல்லையில் கொடி ஓடியிருக்கிறது, தைக்குள் காய் முற்றிவிடும் என்று தெருவுக்கே சொல்லும் அறிவிப்பாகவும் ஒருகாலத்தில் அந்தப் பூ இருந்திருக்க வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ‘குளிர்காலச் சமையல்’ என்றதும் இணைப்பிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வரிசைகட்டி நிற்பவை கேரட் சூப், காலிஃபிளவர் மிளகு வறுவல், பச்சைப் பட்டாணி புலாவ். அந்தப் பட்டியல் பனி விழும் நாடுகளையும் வட இந்தியாவையும் பார்த்து எழுதியது. ஐரோப்பாவில் குளிர்காலம் தோட்டம் தூங்கும் காலம். கோடையில் விளைந்ததைப் பத்திரப்படுத்தி மாசக்கணக்கில் ஓட்டுவதுதான் அங்கே சமையல்கட்டின் கவலை. இங்கே கதை தலைகீழ். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை விட்டு அதிகம் கீழே போவதில்லை. மண்ணில் ஈரம் இருக்கிறது, வெயிலில் கடுப்பில்லை. நம் தோட்டம் தூங்குவது கத்திரி வெயிலில். மார்கழி, தை, மாசியில் அது நன்றாக விழித்திருக்கிறது. புதுச்சேரி வேளாண் துறை மலர், காய், கனிக் கண்காட்சியை பிப்ரவரி வாக்கில் வைப்பதும் சும்மா இல்லை. காட்டுவதற்குக் கை நிறைய இருக்கிற பருவம் அதுதான்.

அவரையை எடுத்துக்கொள்வோம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற சொல்லைக் கேட்டு ஆடியில் ஊன்றிய கொடி அவரை, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் பந்தலை மூடிக்கொண்டு வளரும். பூ மட்டும் வைக்காது. பொறுமை இழந்தவர்கள் மேலும் மேலும் உரம் போடுவார்கள், இலைதான் பெருக்கும். கொடி எதிர்பார்த்திருப்பது இரவு நீள்வதை. பூமத்திய ரேகைக்குச் சுமார் 12 பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. நமக்கு அது உறைப்பதே இல்லை, அவரைக்கு உறைக்கிறது. கார்த்திகையில் ஊதாவோ வெள்ளையோ பூங்கொத்து தலைநீட்டும், மார்கழியில் பிஞ்சு, தை மாசியில் பறித்து மாளாது. பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எப்போதும் காய்க்கிற செடி அவரை ரகங்களைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அவை சந்தைக்கு விளைவிப்பவருக்கு உபகாரம்தான். ஆனால் நாட்டுக் கொடி அவரையும் அதன் உறவான மொச்சையும் இந்தப் பருவத்துக்கென்றே காத்திருந்து காய்ப்பவை. சித்திரை, வைகாசியில் நட்ட சேனை தையில் வெட்டத் தயாராவதும், ஆவணி வாக்கில் புதைத்த பனங்கொட்டை பொங்கலுக்குக் கிழங்காவதும் இதே நாட்காட்டிப்படிதான்.

இவ்வளவு விளைகிற பருவத்தில் வீட்டுத் தோட்டத்தை நம்பிச் சமைப்பது ஏன் அரிதாகிவிட்டது? மாடியில் பை பையாகத் தென்னைநார்க் கழிவை நிரப்பி உற்சாகமாகத் தொடங்கியவர்கள் இரண்டாம் ஆண்டு கைவிடுவது எந்தத் தெருவிலும் காணக்கூடியது. பூச்சி, தண்ணீர், நேரமின்மை என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் பெரிய காரணம் வேறொன்று என்பது என் வாதம். தோட்டம் தோற்கிற இடம் மாடி இல்லை, அடுப்படி. பத்துத் தொட்டி வைத்த வீட்டில் ஒரு நாள் பறிப்பு என்ன? ஒரு பிடி அவரை, இரண்டு கத்திரிக்காய், நாலு வெண்டை, கைக்கு அடங்குகிற கீரை. நாம் இன்று பழகியிருக்கும் சமையலோ ஒரு காய்க்கு ஒரு பதார்த்தம் என்று ஓடுகிறது: ‘பீன்ஸ் கால் கிலோ’ என்றுதான் குறிப்பே ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்குக்கு எந்த மாடியும் கட்டுப்படாது. இரண்டு கத்திரிக்காயை வைத்து என்ன செய்ய என்று குளிர்பதனப் பெட்டியில் போடுவார்கள். மூன்றாம் நாள் அது சுருங்கிக் குப்பைக்குப் போகும். நாலு முறை இப்படி நடந்தால் தண்ணீர் ஊற்றும் கை தானாகத் தளர்ந்துவிடும். செடி வளர்க்கச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிடிபிடியாக வருவதை வைத்துச் சமைக்கும் வகையைத்தான் மறந்துவிட்டோம்.

அந்த வகை இந்த வட்டாரத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வைக்கும் ஏழு காய்க் கூட்டு, பொங்கலன்று பால் பொங்கியதும் வைக்கும் பல காய்க் குழம்பு இரண்டுமே பிடிக் கணக்கில் உருவானவை. ஒரு பிடி அவரை, ஒரு பிடி பச்சை மொச்சை, ஒரு கீற்றுப் பரங்கி, ஒரு வாழைக்காய், ஒரு துண்டு சேனை, ஒரு சர்க்கரைவள்ளி, இரண்டு கத்திரிக்காய். எதுவும் தனியாக ஒரு வேளைக்குப் பற்றாது. சேர்ந்தால் பானை நிறைகிறது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். இதற்குச் சாத்திரக் காரணம் சொல்பவர்கள் சொல்லட்டும். என் ஊகம் எளியது. வீட்டில் ஆறு இருந்தால் ஏழாவதுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். முழுப் பரங்கியை எந்த ஒரு குடும்பமும் ஒரே நாளில் தீர்க்க முடியாது. அறுத்ததும் கீற்றுகள் தெருவில் நாலு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வாழைக்காயோ கிழங்கோ திரும்பி வரும். ஒரே வீட்டுக் கொல்லையில் ஏழும் விளைய வேண்டிய கட்டாயம் இதனால் இல்லாமல் போகிறது.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்த்தால் அதன் புத்தி விளங்கும். ஏழு காயும் ஒரே நேரத்தில் வேகாது என்பதால் கடினமானது முதலில், மெல்லியது கடைசியில். சேனை நாக்கை அரிக்கும். அதில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் அதற்குக் காரணம். ஆகவே அதை மட்டும் தனியே புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு எடுத்து நீரை வடித்துவிடுவார்கள். பானையில் மொச்சை முன்னே போகும், பின்னாலேயே வள்ளிக்கிழங்கும் வாழைக்காயும், அப்புறம் நார் உரித்துக் கையால் ஒடித்த அவரை, அதோடு கத்திரிக்காய், எல்லாவற்றுக்கும் பிறகு பரங்கி. குழம்புக்கான புளிக்கரைசல் காய்கள் வெந்த பின்பே இறங்க வேண்டும். முன்னால் ஊற்றினால் புளிப்பு காயின் தசையை இறுக்கி வேகவிடாது. பரங்கி பாதி கரைந்து தானே குழம்பைக் கெட்டியாக்கிவிடுவதால் தேங்காய் கொஞ்சம் குறைந்தாலும் தெரியாது. மொச்சை முற்றிக் காய்ந்துவிட்டதா? இரவு ஊறவைத்து, காலையில் இரண்டு விரலுக்கிடையே வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். அது பிதுக்கம் பருப்பு. பிஞ்சுக்கு ஒரு வழி, முற்றலுக்கு ஒரு வழி. பறிக்கத் தவறிய காயையும் தண்டிக்காத சமையல் இது.

இந்த ஊரை ஆண்டவர்களின் மொழியிலும் இதே உண்மை பதிந்திருக்கிறது. பிரெஞ்சில் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்குப் பெயர் பொத்தாஜே. அந்தச் சொல் பொத்தாஜ் என்பதிலிருந்து வந்தது. பொத்தாஜ் என்றால் காய்களைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும் சூப். தோட்டத்துக்கே பானையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பிரான்சில் இன்னொரு வழியும் இருந்தது. பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கே வந்து புதுச்சேரியை ஒரு வணிகத் தலமாக நிலைநிறுத்தத் தொடங்கிய அதே பத்தாண்டில், வெர்சாயில் பதினான்காம் லூயிக்காக லா கேந்தினி என்பவர் அரச பொத்தாஜே ஒன்றை 1678 முதல் 1683 வரை உழைத்து உருவாக்கினார். அதன் பெருமையே பருவத்தை மீறுவதுதான்: டிசம்பரில் அஸ்பராகஸ், மார்ச்சில் ஸ்ட்ராபெர்ரி. கண்ணாடி மூடிகளும் வண்டி வண்டியாகக் குதிரைச் சாணத்தின் சூடும் தோட்டக்காரர் படையும் சேர்ந்தால்தான் அது நடக்கும். ஊரார் பானையில் பருவம் கொதித்தது; அரசனின் தட்டில் பருவம் தோற்றது. நீலகிரியிலிருந்தும் ஓசூர், பெங்களூருப் பக்கத்திலிருந்தும் லாரியில் வந்து, பெரிய மார்க்கெட்டில் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி குவிந்து கிடக்கும் முட்டைக்கோசும் பீன்ஸும் இன்று நம் எல்லோரையும் சின்ன லூயி ஆக்கியிருக்கின்றன. அது குற்றமில்லை. ஆனால் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு மாடியில் பத்துத் தொட்டியை அளந்தால் தொட்டி தோற்றுத்தான் போகும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும்: ‘நாட்டுக்காய்தான் உயர்ந்தது, இங்கிலீஷ் காய் ஆகாது என்ற பழைய ஆசாரத்தைத்தானே வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள்?’ இல்லை. ஏழு காயின் பட்டியலே அந்த ஆசாரத்தைப் பொய்யாக்குகிறது. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பரங்கியும் அமெரிக்கக் கண்டத்தின் கொடிதான். பெயரே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஐரோப்பியனைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல், ‘ஃபிராங்க்’ என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாகத் திரிந்து நம்மிடம் வந்தது. பிரான்ஸ் என்ற நாட்டின் பெயருக்கும் அதே இனப்பெயர்தான் வேர். ஆகப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில், பிரான்ஸோடு வேரைப் பகிர்ந்துகொள்ளும் பெயரைத் தாங்கிய ஓர் அமெரிக்கக் காய், பொங்கல் பானையில் தலைமை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! அதை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மலையில் வெள்ளைக்காரர்கள் பரப்பிய கோசும் கேரட்டும் மட்டும் ஏன் வெளியே நின்றன? வந்த தேசம் காரணமென்றால் பரங்கியும் நின்றிருக்க வேண்டும். கொல்லையில் விதை எடுத்து அடுத்த ஆண்டு ஊன்ற முடிந்தது உள்ளே வந்தது, முடியாதது சந்தைக்காயாகவே தங்கியது என்று கொள்வதுதான் பொருந்துகிறது. அந்த அளவுகோல்படி நாளைக்கு இந்த மண்ணுக்குப் பழகிய எந்தப் புதுக் காயும் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ பானைக்குள் வரலாம். முள்ளங்கி ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. மழை விட்டதும் விதைத்தால் ஒன்றரை மாதத்தில் கிழங்கும் கீரையும் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்த ஆட்சேபம் கணக்குப் பார்ப்பவருடையது: ‘பை, மண், விதை, தண்ணீர், உழைப்பு எல்லாம் கூட்டினால் மார்க்கெட்டே மலிவு. இதை வைத்து ஊருக்குச் சோறு போட முடியுமா?’ முடியாது. முடியும் என்று சொல்கிறவர்களை நானும் நம்புவதில்லை. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்த புதுச்சேரி 1761 ஜனவரி 16ஆம் தேதி சரணடைந்தது. கோட்டையை வீழ்த்தியதில் பீரங்கிக்கு இருந்த பங்கைவிடப் பட்டினியின் பங்கு பெரிது. தேதியைக் கவனியுங்கள், பொங்கலை ஒட்டிய நாட்கள். அவரையும் கிழங்கும் மலிந்திருக்க வேண்டிய பருவம். வெளியிலிருந்து நெல் வராத ஊரைக் கொல்லைக் கொடி காப்பாற்றாது. தோட்டம் நிரப்பக்கூடியது குழம்புச் சட்டியை. சோற்றுப் பானையை அது நிரப்பும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் குழம்புச் சட்டியின் கணக்கும் சின்னதல்ல. 2021 நவம்பர் பெருமழையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நடுத்தர வீடுகள் திண்டாடின. தக்காளி இல்லாமல் குழம்பு இல்லை என்றாகிவிட்டதே அதற்குக் காரணம். பொங்கல் குழம்பில் தக்காளிக்கு வேலையே இல்லை, புளி போதும். பருவத்தின் சமையலைத் தெரிந்துவைத்திருப்பவர், ஒரு செடிகூட வளர்க்காவிட்டாலும், அந்த நவம்பரை நிம்மதியாகக் கடந்திருப்பார். தோட்டம் தரும் இலாபத்தைக் கிலோவில் மட்டும் அளந்தால் இந்தப் பயிற்சி கணக்கில் வராமல் போய்விடும்.

புயலைச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் தோட்டம் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறி முருங்கையும் வாழையும் நிற்காமல் செய்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலாக மழையைக் கொட்டியது. விளையும் பருவமும் அழியும் பருவமும் இங்கே ஒன்றுதான் என்ற ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் அந்த ஏழு காயிலேயே இருக்கிறது. மேலே பந்தல் சாய்ந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் காற்று தொடாது. தரையோடு படரும் பரங்கி தப்ப வாய்ப்புண்டு. முருங்கை ஒடிந்தால் அதன் போத்தையே நட்டால் துளிர்க்கும். முளைக்கீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். ஒரே பயிரை நம்பியவர் ஒரே இரவில் எல்லாம் இழப்பார். ஏழு பயிரை நம்பியவருக்கு மூன்று பயிராவது மிஞ்சும். உப்பேறிய நிலத்தடி நீரை ஊற்றியே செடிகளை வாட்டும் வீடுகளுக்கு இதே மழை இன்னோர் உதவியும் செய்கிறது, மண்ணில் தங்கிய உப்பைக் கழுவிவிட்டுப் போகிறது. இடமில்லை என்பவர்களுக்கும் இந்தப் பருவம் இரக்கமுள்ளது. ஓர் அவரைக் கொடிக்கு வேண்டியது ஒரு பெரிய தொட்டியும் கைப்பிடிச் சுவரிலிருந்து கட்டிய நாலு கயிறும்தான்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் கடைசியாக வருவது. ஏழு காயை நறுக்குவது யார்? நார் உரிப்பது, மொச்சை பிதுக்குவது, சேனையின் அரிப்பைக் கையில் வாங்குவது யார்? பருவச் சமையலின் புகழைப் பாடுகிற கட்டுரைகளில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதில். பழைய சமையல் பெண்களின் விடியற்காலைகளைத் தின்று வளர்ந்தது என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அதை அப்படியே மீட்டெடுக்கச் சொல்வது நியாயமில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்லலாம். ஒன்று, ஏழு காயும் ஒரே பானையில் போவதால் நாலு பதார்த்தத்தின் அடுப்பு வேலை ஒன்றாகக் குறைகிறது. நறுக்கும் வேலைதான் கூடுகிறது. நறுக்குவதும் உரிப்பதும் பிதுக்குவதும் கைப்பக்குவம் கேட்காத வேலைகள். வீட்டில் எவரும் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். ஆகவே பங்கு போட இதைவிட எளிதான சமையல் இல்லை. இரண்டு, மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துப் போடுகிற ஆண், பறித்த காயை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போவாரானால் அவர் தோட்டம் போட்டதாகவே கணக்கில்லை. பறித்தவர் நார் உரிக்கட்டும். தோட்டம் நிலைக்குமா என்பதை இந்த ஒரு விதி வேறு எந்த உரத்தையும்விட அதிகமாகத் தீர்மானிக்கும்.

இந்த மார்கழியில் அவரை விதை ஊன்றிப் பயனில்லை. அதற்கான பட்டம் போய்விட்டது. கீரையும் முள்ளங்கியும் விதைக்கலாம், தூதுவளை இருக்கிற வீட்டில் ரசம் வைக்கலாம், பொங்கலுக்கு மார்க்கெட் போகும்போது கால் கிலோ கணக்கை விட்டுப் பிடிக் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முணுமுணுத்தாலும் கலந்து கட்டித் தருவார். பொங்கல் நேரத்தில் அது அவருக்கும் பழக்கம்தான். முதலில் பானை பழகட்டும், தொட்டி அப்புறம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையத்தை 1974இல் பெற்ற ஊர் இது. செடியைப் பற்றிச் சந்தேகம் கேட்க ஆளில்லை என்ற குறை இங்கே இல்லை. கொடி அவரை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும், மாசிக் கடைசியில் அடிக்கொத்தில் நாலு காயைப் பறிக்காமல் விடும்படி. அது கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்போது எடுத்து, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து வைத்தால் ஆடி வரை கெடாது. ஏழாவது காய்க்குத் தட்ட வேண்டிய கதவு அதுதான். ஆறு மாதம் முன்னதாகவே தட்டி வைப்பதில் தவறில்லை.